ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை: குழந்தையின் வளர்ச்சியை வீட்டிலிருந்தே கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் அம்மாக்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். "எதிர் வீட்டுப் பொண்ணு பேப்பரே படிக்குது டீச்சர், இவன் இன்னும் 'ட'வைத் திருப்பிப் போடுறான். இவனுக்கு ஏதாவது குறையா?" இருபத்திரண்டு வருஷமாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. கேட்கிறவர்களின் முகத்தில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். என் மூத்த மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நானும் அதே பயத்தோடு இருந்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். குழந்தை வளர்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே, வேகம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எதிர் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதைவிட, உங்கள் குழந்தை அந்த வரிசையில் ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி உண்மையான பயமாக இருந்தால், யாரிடம் போவது என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். கீழே சொல்கிற ஒவ்வொரு படியிலும் பார்த்ததைத் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். பிறந்தநாளன்று ஒருமுறை, அதற்கு ஆறு மாதம் கழித்து ஒருமுறை எழுதினால் சரியாக இருக்கும்.

முதல் படி: வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள்

தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் 5 வயது நிறைந்த குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆகஸ்டில் பிறந்த ஒரு குழந்தையும் அடுத்த வருஷம் ஜூலையில் பிறந்த இன்னொரு குழந்தையும் அப்படித்தான் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஏறத்தாழ 12 மாதம். ஐந்து வயசுக் குழந்தைக்கு அது அதன் முழு ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு! ஒன்றாம் வகுப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்குகிற பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பாருங்கள். மே, ஜூன், ஜூலை என்று நிறைய வரும். நான் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் பிறந்த மாதத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது. ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்து, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கச் சொல்கிறது. "எம் பையன் இன்னும் அரும்புலயே இருக்கானா?" என்று வருத்தப்படாதீர்கள். எந்தத் தேதியில் அரும்பு, எந்தத் தேதியில் மொட்டு என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நகர்கிறானா என்பதுதான் விஷயம்.

இரண்டாம் படி: உயரம், எடை, பல்

செருப்பு இல்லாமல், குதிகால் சுவரில் பட நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்க வைத்து, சுவரில் பென்சில் கோடு போடுங்கள். 6 வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை வருஷத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும் 2 முதல் 3 கிலோ எடையும் கூடுவது வழக்கம். கோடு ஏறிக்கொண்டே இருந்தால் போதும். பக்கத்தில் நிற்கிறவனைவிடக் குள்ளமாக இருப்பது பெரும்பாலும் அப்பா அம்மா உடல்வாகுதான். ஒரு வருஷம் முழுக்க 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5, 6 வயதில் பல குழந்தைகள் பார்க்க மெலிந்துபோவார்கள். குழந்தைக் கொழுப்பு கரைகிற வயசு அது. "ஆடிக் காத்துல பறந்துடுவான் போல" என்று பாட்டி சொல்வார். உயரமும் எடையும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் சத்துமாவு டப்பாக்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இட்லி, முட்டை, கடலை, கீரை, வாழைப்பழம் போதும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாமல் இருப்பதுதான் முக்கியம். அரசுப் பள்ளியில் காலை உணவு வந்தபிறகு முதல் பாடவேளையில் மேசைமேல் தலையைச் சாய்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் குறைந்துவிட்டார்கள். வாரம் ஒன்று தருகிற ரோஸ் நிற இரும்புச்சத்து மாத்திரையையும், பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தருகிற குடற்புழு மாத்திரையையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். களைப்பாகவும் கவனமில்லாமலும் தெரிகிற பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நிறைய.

பல் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவு பல் தேய்த்தபிறகு குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். சுமார் 6 வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். அது நிரந்தரப் பல், விழுந்து மறுபடி முளைக்காது. முன்பல் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்த நாலு பல்லும் யார் கண்ணிலும் படுவதில்லை. என் மகளுக்கு அதில் கறுப்புப் புள்ளி வந்தபோது, பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நீங்கள் இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாம் படி: கையும் காலும்

6 வயதில் ஒற்றைக் காலில் சில தடவை நொண்ட முடியும். 7, 8ல் பாண்டிக் கட்டத்தில் கோட்டை மிதிக்காமல் திரும்பி வருவார்கள், கயிறு குதிப்பார்கள், சைக்கிளில் சமநிலை பிடிப்பார்கள். 8, 9ல் கல்லாங்காயைத் தூக்கிப் போட்டு, கீழே கிடப்பதை அள்ளி, மேலே போனதையும் பிடிப்பார்கள். கண், கை, நேரம் மூன்றும் அங்கே சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதையும் தள்ளிப்போடும்.

எழுத்துக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவை பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பு 8 முதல் 12 வயதுக்குள்தான் கெட்டிப்படவே தொடங்குகிறது. ஐந்தரை வயதுக் கையிடம் பக்கம் பக்கமாக எழுத்து கேட்டால், பென்சிலை அழுத்திப் பிடித்து, பேப்பர் கிழிந்து, கை வலித்து, எழுத்தே பிடிக்காமல் போகும். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சிலேட்டில் பலப்பத்தால் பெரிதாக எழுதுவது இவையெல்லாம் அந்தக் கைக்கு நல்ல பயிற்சி. 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018ல் சொன்னது. எழுதச் சொல்லிப் பள்ளிகளை வற்புறுத்துகிறவர்கள் பல சமயம் பெற்றோர்தான் என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

'ட', 'ந', 3 இவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போடுவது 7 வயதுவரை சாதாரணம். நம் எதிர் வீட்டுக் கதையில் வந்த பையனுக்கு அப்போது ஐந்து வயது எட்டு மாதம்.

நான்காம் படி: யோசனை எப்படி மாறுகிறது? அடுப்படியில் மூன்று சோதனைகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளோடு உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்தவர். அவர் செய்ததை நம் வீட்டுச் சாமான்களை வைத்தே செய்யலாம்.

முதல் சோதனைக்குப் பதினான்கு புளியங்கொட்டை வேண்டும். ஏழு ஏழாக இரண்டு வரிசை, ஒன்றுக்கு நேராக ஒன்று வையுங்கள். "ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள். குழந்தை ஆமாம் என்று சொன்னதும், அதன் கண் முன்னாலேயே ஒரு வரிசையை அகட்டி நீளமாக்குங்கள். "இப்போ எதுல நிறைய இருக்கு?" 5 வயசுக்காரர்களில் பலர் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். எண்ணிப் பார்த்து இரண்டிலும் ஏழு என்று சொன்னபிறகும் "ஆனா இதுலதான் நிறைய" என்பார்கள். 6, 7ல் இது மாறும்.

அடுத்தது மோர். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு ஊற்றி, சமம்தான் என்று குழந்தையே ஒப்புக்கொண்டபிறகு, ஒரு டம்ளரில் இருப்பதை டவராவில் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள். ஒரு வருஷம் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி டவராவைக் குனிந்து பார்த்தாள், அப்புறம் கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுபோனாள், "இதுலதான் டீச்சர் ஜாஸ்தி, ஒசரமா இருக்கு" என்றாள். எட்டு மாதம் கழித்து அதே டம்ளர், அதே டவரா. நான் கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "அதையேதானே ஊத்துனீங்க? திரும்ப டம்ளர்ல ஊத்துனா அதே அளவு வரும்." நடுவில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்ததை மனதுக்குள்ளேயே திருப்பிச் செய்து பார்க்கும் திறமை அவளுக்கு வந்திருந்தது.

மூன்றாவது, ஒரே அளவில் இரண்டு சப்பாத்தி உருண்டை. ஒன்றைத் தேய்த்துவிட்டு "எது கனம்?" என்று கேளுங்கள். இதற்குச் சரியான பதில் பொதுவாக இன்னும் தாமதமாக, 8, 9 வயதில் வரும். எண்ணிக்கை, அளவு, எடை என்கிற இந்த வரிசையைத்தான் பியாஜே சொன்னார். கேள்வி கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் இன்னும் சின்னக் குழந்தைகள்கூடச் சரியாகச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் வயசைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். விடையைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "தப்பு" என்றும் சொல்லாதீர்கள். "ஏன் அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்டு, சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அக்காவின் உயரமான டம்ளரில்தான் பால் ஜாஸ்தி என்று ஐந்து வயசுத் தம்பி உருண்டு புரண்டு அழும்போது, அவன் அடம் பிடிக்கவில்லை, அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது என்று உங்களுக்குப் புரியும். இன்னொன்று, கடன் வாங்கிக் கழித்தல். 32லிருந்து 15ஐக் கழிக்க, ஒரு பத்தைப் பிரித்து 20ம் 12ம் ஆக்குகிறோம். அப்படி ஆக்கினாலும் அது 32தான் என்று நம்புவதற்கு மோரைப் பற்றிய அதே புரிதல் வேண்டும். அது வராத பிள்ளைக்கு 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்பது ஒரு மந்திரம், அவ்வளவுதான். துடைப்பத்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு மூன்று கட்டு, இரண்டு உதிரி என்று கையில் கொடுங்கள். ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுகிற பிள்ளைக்கும் இதே மருந்துதான்: காதில் விழுவதை அப்படியே எழுதுகிறது, இடமதிப்பு இன்னும் கைக்கு வரவில்லை. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறு என்பதிலும் தடுமாறுவார்கள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறதே!

நினைவாற்றல் வளர்வதைப் பார்க்க, கடைக்கு அனுப்புங்கள். 6 வயசில் இரண்டு சாமான் சொல்லலாம். மூன்றாவது மறந்துபோகும், மறக்காமல் இருக்க எதுவும் செய்யவும் தோன்றாது. 8 வயசில் தெரு முழுக்க "மிளகாய்த்தூள், சோப்பு, தேங்காய்… மிளகாய்த்தூள், சோப்பு, தேங்காய்" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். 10 வயசில் காய்கறி தனியாக, மளிகை தனியாகப் பிரித்து நினைவு வைத்துக்கொள்வார்கள், அல்லது சீட்டு கேட்பார்கள். வீட்டில் "பையை எடுத்து வச்சு, சாக்ஸைக் கழட்டிப் போட்டு, கை கழுவிட்டு வந்து உட்கார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை நடு ஹாலில் நிற்பது இதனால்தான். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சும் வாசிப்பும்

'ர', 'ற', 'ழ' ஆகிய ஒலிகள் கடைசியாகத்தான் படியும். 7, 8 வயதுக்குள் பெரும்பாலான ஒலிகள் தெளிவாகிவிடும். 'ழ' வரவில்லை என்றால் முதலில் வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'வாளப்பளம்' கேட்டு வளர்ந்த குழந்தை வேறு எதைச் சொல்லும்?

தமிழ் வாசிப்பில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், சில குறிகள் தெரிந்தால் மீதி சேர்க்கைதான். பெரும்பாலும் மூன்று இடத்தில் சிக்கும். ஒன்று கொம்பு: 'கெ'யில் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, ஆனால் அதன் ஓசை பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலமாகப் போக, காது வேறு வரிசையில் கேட்கிறது. இரண்டாவது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அதாவது குறில் நெடில். மூன்றாவது மெய்யெழுத்தின் புள்ளி. இந்த மூன்றும் சரியாக வர இரண்டாம் வகுப்பு முடிய ஆகலாம். ல-ள-ழ, ன-ண-ந குழப்பம் எழுதும்போது ஐந்தாம் வகுப்புவரை வரும். அதற்காக அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

சோதித்துப் பார்க்கப் பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடம் ஆகியிருக்கும். பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பலகையில் 'திண்டுக்கல்'. ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'தி' என்று பிடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டாம் வகுப்பில் "தி… ண்… டு… க்… கல்" என்று கூட்டும். மூன்றாம் வகுப்பில் பேருந்து நகர்வதற்குள் படித்துவிடும். நாலாம் வகுப்பில் "வழி: நத்தம்னு போட்டிருக்கே, அப்போ இது எதுக்கு மதுரையில நிக்குது?" என்று கேட்கும். படிக்கக் கற்கிற காலம் முடிந்து, படித்துக் கற்கிற காலம் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் மூன்றாம் வகுப்புவரை நன்றாகத் தெரிந்த சில பிள்ளைகள் நாலாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் புத்தகத்தைப் பார்த்துத் திணறுகிறார்கள். வார்த்தைகளை வாசித்துவிடுகிறார்கள், பொருள் பிடிபடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைத் தவறு என்று திருத்துகிறார்கள். புத்தகத்தில் 'அவர்கள் வந்தார்கள்' என்று இருக்கிறது. குழந்தை "அவங்க வந்தாங்க" என்று வாசிக்கிறது. அது பொருளைப் பிடித்து, தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறது! நாம் பேசும் தமிழ் வேறு, அச்சில் வரும் தமிழ் வேறு. பள்ளிக்கு வரும் குழந்தை இரண்டையும் ஒரே சமயத்தில் பழகுகிறது. முதலில் "சரி, நல்லாப் புரிஞ்சுக்கிட்டே" என்று சொல்லுங்கள். அப்புறம் "புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பாரு" என்று கேளுங்கள். தினமும் இரவு பத்து நிமிஷம் நீங்கள் கதை வாசித்துக் காட்டினால் அச்சுத் தமிழ் காதுக்குப் பழகிவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வீட்டு மொழியில் கதை கேட்டு வளர்கிற குழந்தைக்கு இன்னொரு மொழி சுலபமாகப் பிடிபடுகிறது.

ஆறாம் படி: மனசும் நட்பும்

ஒன்றாம் வகுப்பில் "யார் நல்லா வரைவீங்க?" என்று கேட்டால் நாற்பது கையும் மேலே போகும். மூன்றாம் வகுப்பில் அதே கேள்விக்குப் பத்துக் கை. நடுவில் வரைவதில் திறமை குறைந்துவிடவில்லை, பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிட்டது. 7, 8 வயதில் இது வரும். இந்த வயசில் குழந்தையின் மனசில் நடக்கும் போராட்டமே 'என்னால் முடியும்' என்பதற்கும் 'நான் லாயக்கில்லை' என்பதற்கும் நடுவில்தான் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் (1902–1994) எழுதினார். மார்க்கை வைத்துச் சொந்தக்காரர்கள் முன்னால் ஒப்பிடும்போது எந்தப் பக்கத்துக்கு எடை போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பைத் தவிர ஏதாவது ஒரு வேலையில் அந்தக் குழந்தை கெட்டிக்காரி என்று வீட்டில் பெயர் வாங்கட்டும். கோலம் போடுவது, ஆட்டுக்குட்டி பார்த்துக்கொள்வது, தோசை வார்ப்பது, எதுவானாலும் சரி.

1, 2 வகுப்பில் "டீச்சர், இவன் என்னப் பார்க்கிறான்" என்று நாளுக்கு நூறு புகார் வரும். விதி எல்லாருக்கும் ஒன்றா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த வயசில் நட்பு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைப் பங்கு போடுவது. காலையில் 'காய்', மதியம் 'பழம்'. 9 வயசில் நட்பு என்றால் ரகசியம் காப்பாற்றுவது. 10ல் ஒரு கூட்டத்துக்குள் இருப்பதே பெரிய விஷயமாகிவிடும், வெளியே தள்ளப்பட்டால் சாப்பாடு இறங்காது. பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளாதீர்கள்.

பயங்களும் மாறும். 5 வயசில் பேய், இருட்டு. 7, 8ல் "அம்மா, நீ செத்துப்போயிடுவியா?" சாவு என்றால் திரும்பி வராதது என்று அப்போதுதான் புரிகிறது. "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து, "எல்லாரும் ஒருநாள் போவோம், ஆனா அம்மா ரொம்ப நாள் உன்கூட இருக்கத்தான் உடம்பைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: தூக்கம், படுக்கையில் சிறுநீர், கால்வலி

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். வேன் 7.15க்கு வந்து, 6 மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றால் 9 மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும். சீரியல் முடிந்துதான் படுக்கை என்கிற வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் துறுதுறுவென்று அடங்காமல் இருக்கும். சின்னக் குழந்தைக்குத் தூக்கக் குறைவு பல சமயம் அப்படித்தான் வெளியே தெரியும்.

5 வயதில் நூறில் பதினைந்து குழந்தைகள்வரை இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். வருஷா வருஷம் தானாகவே குறையும். திட்டுவதாலோ சூடு வைப்பேன் என்று மிரட்டுவதாலோ நிற்காது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று தொடங்கினால் மருத்துவரிடம் போங்கள். கூடவே அதிக தாகம், எடைக் குறைவு இருந்தால் அன்றைக்கே போங்கள், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ராத்திரி இரண்டு காலும் வலிக்கிறது என்று அழுது, பிடித்துவிட்டால் தூங்கி, காலையில் ஓடி விளையாடினால் பயமில்லை. ஒரே காலில் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல், நொண்டி நடப்பது இருந்தால் காட்டுங்கள்.

எட்டாம் படி: நாலாம், ஐந்தாம் வகுப்பில் உடம்பு மாறும்போது

பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14க்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. பெண்ணுக்கு முதலில் மார்பில் சின்ன முடிச்சுபோல் வரும். ஒரு பக்கம் மட்டும் முதலில் வந்து தொட்டால் வலிக்கும். கட்டியோ என்று பயந்து ஓடிவந்த தாய்மார்கள் உண்டு. அது இயல்பான தொடக்கம். அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிடாய் வரும். அதனால் நாலாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள். பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ நோய் என்று நினைத்து, மாலை மணி அடிக்கும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பெண்ணுக்கு 8க்கு முன்போ ஆணுக்கு 9க்கு முன்போ மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தவறான தொடுதல் பற்றிய பேச்சுக்கு இந்த வயசுவரை காத்திருக்க வேண்டாம், அதை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது, எதற்குக் கூப்பிடலாம் என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒன்பதாம் படி: எப்போது காத்திருக்கக் கூடாது

தெரிந்த ஒன்றை இழப்பது எந்த வயதிலும் முக்கியமான அறிகுறி. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைப்பது, தெரிந்த எழுத்து மறந்துபோவது, நன்றாக நடந்தவன் தடுக்கி விழுந்துகொண்டே இருப்பது இப்படி எதுவானாலும் உடனே காட்டுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, கூப்பிட்டால் திரும்பாதது, பேசும்போது உங்கள் வாயையே பார்ப்பது இருந்தால் முதலில் கண், காது சோதனை. ஒரு அப்பா தன் நோட்டில் "டிவிகிட்ட போய் நிக்கிறான், பந்து வர்றப்போ லேட்டா கையை நீட்டுறான், போர்டுல பார்த்து எழுதாம பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுறான்" என்று மூன்று தேதிகளில் எழுதி வைத்திருந்தார். நான் அதுவரை அந்தப் பையனைக் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட மறுநாள் அவன் கரும்பலகையில் தேதியைச் சத்தமாக வாசித்தான்.

மூன்றாம் வகுப்பில், 8 வயதில், தினமும் பள்ளிக்கு வந்து, கண்ணும் காதும் சரியாக இருந்து, பேச்சில் சூட்டிகையாக இருக்கிற பிள்ளை, எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியாமல் இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் சேர்த்திருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு சீட்டு எழுதிக் கொடுத்தால், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பேச்சு, கேட்டல், கற்றல் எல்லாவற்றையும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளி என்றாலே வயிற்றுவலி, சாப்பாடு வேண்டாம், விளையாட்டு வேண்டாம் என்றால் 14416க்குக் கூப்பிட்டு மனநல ஆலோசனை கேட்கலாம்.

பத்தாம் படி: நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் எல்லாரும் "எம் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பார்கள். எங்களுக்கும் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நீங்கள் இப்படிக் கேளுங்கள்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்கார்கிறான்? ஒரு வேலை புரியாவிட்டால் கேட்கிறானா, சும்மா இருந்துவிடுகிறானா? ஜூனில் முடியாதது எது இப்போது முடிகிறது? வீட்டில் நான் பார்க்கிற இந்த விஷயம் வகுப்பிலும் இருக்கிறதா? வீட்டில் மட்டும் தெரிவதும் பள்ளியில் மட்டும் தெரிவதும் வேறு வேறு கதை சொல்லும். இரண்டு இடத்திலும் ஒன்றே தெரிந்தால், அந்தப் பக்கத்தில் இரண்டு பேருமாகத் தேதி போட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரே ஒரு வரி எழுதி, மூன்று மாதம் கழித்து எந்தக் கிழமை மறுபடி பார்ப்பது என்றும் அங்கேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள்.